தச்சரின் மகனும் நம் ஊர் மேஸ்திரியும்



2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானப் பணியில் சாரம் சரிந்து விழுந்து 9 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். எல்லாரும் அசாம் பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். மறுநாள் ஆயுத பூசை. நம் நாட்டில் உளிக்கும் இழைப்புளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு வைத்து மரியாதை செய்யும் நாள். கருவிக்கு மரியாதை செய்யும் நாளின் முந்தைய மாலையில், கருவியைப் பிடித்த கைகள் ஓய்ந்துபோயின.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நவம்பர் 21ஆம் நாள் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய 29 சட்டங்கள் இந்த நான்கினுள் அடங்கிவிட்டன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, தொழில் நிறுவனங்கள் வரவேற்றன. தொலைக்காட்சி விவாதங்களில் இரு தரப்பும் பேசித் தீர்த்தன.

இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்கிறார். அவரைப் பற்றி எந்த விவாதத்திலும் யாரும் பேசவில்லை. சட்டம் தில்லியில் எழுதப்படுகிறது. சாரம் நம் தெருவில் கட்டப்படுகிறது. தில்லியின் எழுத்தைத் தெருவின் சாரத்தோடு சேர்க்கவேண்டியவர் வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் மேஸ்திரி. இந்த வாரச் சிந்தனையில் அவரைப் பற்றி, குறிப்பாகத் தச்சுவேலைக் குழுவை நடத்தும் மேஸ்திரியைப் பற்றிச் சிந்திப்போம்.

நம் பகுதியின் நிலை

பெருங்களத்தூர் என்றால் ஒரு காலத்தில் பண்டிகை நாட்களில் தென் மாவட்டப் பேருந்துக்காக மக்கள் மூட்டை முடிச்சுகளோடு காத்து நிற்கும் இடம் என்பதே பலருக்கு நினைவுக்கு வரும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் அதனோடு இணைந்தன. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும், முடிச்சூர், வண்டலூர், நெடுங்குன்றம் பக்கமெல்லாம் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டு வீடு இருந்த இடத்தில் மாடி வீடு, மாடி வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு.

இந்தக் கட்டடங்களை எழுப்புகிறவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலியில் முன் வரிசையில் கணினித் துறையில் பணிபுரியும் குடும்பங்கள் அமர்ந்திருக்கும்போது, கடைசி வரிசையிலும் வாசற்படியிலும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் நிற்பதைப் பார்க்கிறோம். அவர்களில் பலர் பழங்குடிக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தமிழ் புரியாவிட்டாலும் எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். திங்கள் காலை அவர்களை வேலைக்கு அழைத்துச் செல்பவர் ஒரு மேஸ்திரி. அவரும் சில வேளைகளில் நம் பங்கைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

மேஸ்திரி என்பவர் யார்?

மேஸ்திரி என்ற சொல் நம் கடற்கரைக்கு வந்த போர்த்துக்கீசியரின் 'மெஸ்த்ரெ' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆசான், தலைவர் என்பது அதன் பொருள். போர்த்துக்கீசிய மொழி விவிலியத்தில் சீடர்கள் இயேசுவைப் 'போதகரே' என்று அழைக்கும் இடத்தில் வருவதும் இதே சொல்தான். நம் ஊரில் சித்தாள்கூட சாதாரணமாக அழைக்கும் இந்தப் பெயருக்குள் ஆசிரியர் என்ற பொறுப்பு ஒளிந்திருக்கிறது.

கட்டடப் பணியில் தச்சுவேலை இரண்டு வகை. ஒன்று, நிலை, கதவு, சன்னல், அலமாரி என்று மரத்தில் நேர்த்தி காட்டும் வேலை. மற்றொன்று சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் கெட்டியாகும் வரை அதைத் தாங்கிப் பிடிக்கும் பலகையையும் தகட்டையும் முட்டுகளையும் அமைப்பது. முதல் வகை வேலை வீட்டில் காலமெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வகை வேலை முடிந்தவுடன் பிரித்து எடுத்துச் செல்லப்படும். அதைச் செய்தவரின் பெயரும் அதோடு மறைந்துபோகும். ஆனால் தளத்தின் மீது நடக்கும் ஒவ்வொருவரின் உயிரும் சில நாட்கள் அந்த மறைந்துபோகும் வேலையைத்தான் நம்பி இருக்கிறது.

ஒரு மேஸ்திரியின் கீழ் ஆறு முதல் பத்துப் பேர் இருப்பார்கள். பொறியாளர் தரும் வரைபடத்தைப் படித்து அளவு எடுப்பவர் அவர். எவ்வளவு மரம், எத்தனை தகடு, எத்தனை முட்டு என்று கணக்குப் போடுபவர் அவர். யார் மேலே ஏற வேண்டும், யார் கீழே நின்று எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று பிரித்து விடுபவர் அவர். தூக்குக் குண்டும் ரசமட்டமும் மூலைமட்டமும் வைத்துச் சரிபார்ப்பவர், நாள் கணக்கு எழுதிச் சனிக்கிழமை கூலி பிரித்துக் கொடுப்பவர், தங்க இடமும் சமைக்க அடுப்பும் ஏற்பாடு செய்பவர், வீட்டுக்காரரின் கோபத்தையும் ஒப்பந்ததாரரின் அவசரத்தையும் ஆட்களின் களைப்பையும் ஒருசேரச் சுமப்பவர் அவரே. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுத் தொழிலுக்குப் பாடம் உண்டு. பத்துப் பேரை வழிநடத்த ஒரு மேஸ்திரிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஏறக்குறைய எவரும் இல்லை. நேற்று வரை உளி பிடித்தவர், நல்ல வேலைக்காரர் என்பதால் இன்று மேஸ்திரி ஆகிறார்.

ஒரு தளத்தின் எடை

மேஸ்திரியின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். நம் பகுதியில் நடுத்தரக் குடும்பங்கள் கட்டும் வீட்டின் அளவு இதுதான். அந்தத் தளத்துக்கு ஊற்றப்படும் ஈரக் கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 30 டன் எடை. ஐந்தாறு யானைகளை மேலே நிறுத்தியதற்குச் சமம். அதோடு, கான்கிரீட் போடும் இருபது முப்பது பேரும், இயந்திரமும், பாண்டு பாண்டாகக் கொட்டும் அதிர்வும். இத்தனையையும் ஒரு பகல் முழுவதும் தாங்குவது முட்டுகள் மட்டுமே.

முட்டு செங்குத்தாக நிற்க வேண்டும். அதன் அடியில் உறுதியான பலகை இருக்க வேண்டும். தளர்ந்த மண்ணிலோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உடைந்த செங்கல்லிலோ நிற்கக்கூடாது. ஒரு முட்டுக்கும் இன்னொன்றுக்கும் குறுக்கே கட்டு வேண்டும். மழை பெய்தால் மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறக்கவில்லை. ஏரிகளும் தாழ்நிலங்களும் நிறைந்த நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நேற்று கெட்டியாக இருந்த மண் இன்று களியாகிவிடும்.

பிறகு முட்டு எடுக்கும் நாள். இந்தியத் தர நிர்ணய நூலான ஐ.எஸ். 456 இதற்குத் தெளிவான கணக்குத் தருகிறது. சாதாரண சிமென்ட் கொண்டு போட்ட தளத்தில் நாலரை மீட்டர் வரையிலான அகலத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாள். உத்திரங்களுக்கு ஆறு மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். ஆனால் தகடும் முட்டும் பெரும்பாலும் நாள் வாடகைக்கு எடுத்தவை. ஒவ்வொரு நாளும் வாடகை ஏறுகிறது. அடுத்த இடத்தில் வேலை காத்திருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. "பார்க்கக் கெட்டியாத்தானே இருக்கு, எடுத்துடுங்க மேஸ்திரி" என்று ஒரு குரல் வருகிறது. அந்த ஒரு நொடியில் மேஸ்திரி சொல்லப்போகும் பதிலில்தான் அவருடைய முழுத் தொழில் அறமும் அடங்கியிருக்கிறது.

"ஃபாதர், நான் முடியாதுன்னு சொன்னா நாளைக்கே வேற மேஸ்திரி வந்து எடுத்துட்டுப் போயிடுவான். என் ஆளுங்களுக்கு யார் சோறு போடறது?" என்று கேட்கும் மேஸ்திரிகளை நாம் சந்திக்கிறோம். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அறவுரை சொல்வதற்கு முன் அதற்கு நாம் பதில் தேட வேண்டும்.

சட்டம் எதுவரை வருகிறது?

கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பில் தமிழகம் முன்னோடி மாநிலம். 1982இல் தமிழ்நாடு உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1985 முதல் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் நாடு தழுவிய இயக்கம் நடந்து, 1996இல் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளருக்கான மத்தியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் முறையும் அப்போது பிறந்தது. இவை எதுவும் தானாக வந்தவை அல்ல. தெருவில் இறங்கிப் போராடிய கட்டடத் தொழிலாளர்கள், அவர்களில் பெருந்தொகையான பெண்கள், பெற்றுத் தந்தவை.

அந்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது புதிய தொகுப்புகளுக்குள் அடங்கிவிட்டது. புதிய தொகுப்பில் நல்லவை உண்டு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. வெளி மாநிலத் தொழிலாளி என்பதற்கான விளக்கத்தையும் விரிவாக்கியிருக்கிறது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரை மட்டுமே கணக்கில் கொண்டது. புதியது தானாக ரயில் ஏறி வந்தவரையும் சேர்க்கிறது.

ஆனால் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பழைய சட்டத்தில் 20 பேர் இருந்தாலே பொருந்தின. இப்போது 50 பேர் வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளர் விதிகளுக்குப் பழைய அளவு 5 பேர். இப்போது 10 பேர். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் செய்யும் கட்டடப் பணி, சட்டம் சொல்லும் கட்டுமானப் பணி என்ற விளக்கத்துக்குள்ளேயே வராது. பழைய சட்டத்திலும் இந்தப் பத்து என்ற எல்லை இருந்தது. தனி மனிதர் தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டுக்குப் பழைய விலக்கு 10 லட்சம் ரூபாய் வரை. புதிய விலக்கு 50 லட்சம் ரூபாய் வரை.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏழெட்டுப் பேரை வைத்துக்கொண்டு ஒரு மேஸ்திரி, 40 லட்சம் ரூபாய்ச் செலவில் ஒரு குடும்பம் கட்டும் வீட்டில் வேலை செய்கிறார். நம் பகுதியில் இப்படிப்பட்ட வேலை எத்தனையோ. அந்த இடத்துக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் வரப்போவதில்லை. பாதுகாப்புக் குழு இருக்கப்போவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் இருப்பது இரண்டே மனச்சாட்சிகள்: மேஸ்திரியின் மனச்சாட்சி, வீட்டுக்காரரின் மனச்சாட்சி. சட்டம் விலக்கு அளிக்கலாம். ஐந்தாம் கட்டளையாகிய கொலை செய்யாதே என்பதற்கு 50 லட்சம் ரூபாய் வரை விலக்கு என்று எங்கும் எழுதப்படவில்லை.

இறைவார்த்தையின் ஒளியில்

கட்டடம் இடிந்து விழுந்த செய்தியைப் பற்றி நம் ஆண்டவரே பேசியிருக்கிறார் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது. இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் கொடிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்லி, கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனம் மாற அழைக்கிறார். இன்றும் ஒரு விபத்து நடந்தால் "அவங்க நேரம் முடிஞ்சது", "தலையெழுத்து" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இயேசு அந்தப் பதிலை ஏற்கவில்லை. இறந்தவர்கள் மீது பழியைப் போடாமல், உயிரோடு இருப்பவர்களின் வாழ்வு மாற வேண்டும் என்கிறார்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஆந்திரா, ஒடிசா, தமிழகத்தின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சில நொடிகளில் அது தரைமட்டமானதைத் தொலைக்காட்சியில் ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த 61 பேருக்காக நாம் மனம் மாறினோமா என்ற கேள்வி எண்ணூர் விபத்துக்குப் பின் இன்னும் கூர்மையாக நம் முன் நிற்கிறது.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் வீடு கட்டுபவருக்கு ஒரு கட்டளை தருகிறது. புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவராவது அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும். மூவாயிரம் ஆண்டு நெருங்கும் இந்தக் கட்டளையில், யார் தவறி விழுந்தார் என்று இறைவன் விசாரிக்கவில்லை. தடுப்பு வைத்தாயா என்று கேட்கிறார். கேள்வி வீட்டுக்காரரை நோக்கி வருகிறது.

விடுதலைப் பயண நூல் 5ஆம் அதிகாரத்தில் மேஸ்திரிகளையே பார்க்கிறோம். பார்வோனின் அதிகாரிகள், இஸ்ரயேல் மக்களிலிருந்தே சிலரை மேற்பார்வையாளராக அமர்த்தினார்கள். வைக்கோலை நிறுத்திவிட்டார்கள். செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்றார்கள். கணக்குக் குறைந்தபோது அடி வாங்கியவர்கள் அந்த மேற்பார்வையாளர்கள். மேலிருந்து பொருளும் வராது, நேரமும் வராது. கணக்கு மட்டும் வரும். நம் மேஸ்திரிகளின் நிலை இதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் சீக்கிரம் இடம்பெறுவது மேற்பார்வையாளரின் பெயர். வேலையின் வேகத்தையும் செலவையும் முடிவு செய்தவர்கள் பல வேளைகளில் அந்தத் தாளில் இருப்பதில்லை. பொறுப்பைக் கீழே இறக்கிவிட்டு அதிகாரத்தை மேலே வைத்துக்கொள்வது அநீதி. ஒருவரைப் பொறுப்பாளியாக்கினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் அவருக்குத் தர வேண்டும்.

திருச்சபையின் போதனை

நம் ஆண்டவரை ஊரார் தச்சர் என்றும் தச்சரின் மகன் என்றும் அடையாளம் கண்டார்கள் (மாற்கு 6:3, மத்தேயு 13:55). அங்கே வரும் கிரேக்கச் சொல் 'தெக்தோன்'. மரவேலை செய்பவர் மட்டுமல்லாமல் கட்டடம் கட்டுபவரையும் அது குறிக்கும். ஆகவே புனித யோசேப்பின் பட்டறையில் நுகமும் கலப்பையும் மட்டும் இருந்ததாக நாம் நினைக்க வேண்டியதில்லை. சென்ட்ரிங் பலகை தூக்கும் நம் சகோதரரும் அவருடைய தொழிலைச் சேர்ந்தவரே. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8இல் வெளியிட்ட 'தந்தையின் இதயத்தோடு' என்ற மடலில் யோசேப்பை உழைக்கும் தந்தையாகவும், நிழலாக நிற்கும் தந்தையாகவும் காட்டினார். ஒரு நல்ல மேஸ்திரியும் அப்படித்தான். வேலை நன்றாக முடிந்தால் அவர் பெயர் வெளியே தெரியாது.

1981இல் புனித இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட மனித உழைப்பு பற்றிய சுற்றுமடல் நமக்கு மிகவும் பயன்படும் ஒரு வேறுபாட்டைத் தருகிறது. தொழிலாளியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்பவர் நேரடி முதலாளி. அந்த ஒப்பந்தம் எப்படி அமைய வேண்டும் என்று பின்னால் இருந்து தீர்மானிக்கும் மனிதர்கள், நிறுவனங்கள், அரசு ஆகியோர் மறைமுக முதலாளிகள். நீதியான கூலிக்கும் பாதுகாப்புக்கும் இருவரும் பொறுப்பு. மேஸ்திரி ஆட்களின் நேரடி முதலாளி என்றால், குறைந்த விலைக்கும் குறைந்த நாளுக்கும் வேலையை முடித்துத் தரச் சொல்லும் வீட்டுக்காரராகிய நாம் மறைமுக முதலாளிகள். 2025 மே மாதம் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை பதினான்காம் லியோ இந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கே, 1891இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய பதின்மூன்றாம் லியோவின் நினைவு ஒரு காரணம் என்று அவரே விளக்கினார்.

மேஸ்திரியின் கடமைகள்

மேஸ்திரிகளாகப் பணிபுரியும் நம் சகோதரர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, உயிர். உயரத்தில் ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். தளம் போடும் நாளில் முட்டுகளின் கீழ் யாரும் படுத்து ஓய்வெடுக்க விடாதீர்கள். முட்டு எடுக்கும் நாளைத் தளம் போடும் நாளிலேயே சுவரில் எழுதி வையுங்கள். எழுதப்பட்ட தேதிக்கு ஒரு பலம் உண்டு. அதை மாற்றச் சொல்பவர் பொறியாளரிடம் எழுதி வாங்கித் தரட்டும்.

இரண்டாவது, கூலி. நாள் கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்கிறது இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம். பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. திராட்சைத் தோட்ட உவமையில் உரிமையாளர் தம் மேற்பார்வையாளரிடம்தான் கூலியைக் கொடுக்கச் சொல்கிறார் (மத்தேயு 20:8). முன்பணம் என்ற பெயரில் ஆளைக் கட்டிப்போடுவது நம் இனத்துக்குப் பழைய காயம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் நம் முன்னோரை அழைத்துச் சென்ற கங்காணிகள், சொந்த ஊர்க்காரர்களாக இருந்தும் கடனைச் சங்கிலியாக்கினார்கள். அன்று நாம் கடல் கடந்து போனவர்கள். இன்று நம்மை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, மொழி. 2023 மார்ச்சில் தமிழகத்தில் வட மாநிலத்தவர் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவி, பயந்துபோன தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். அந்த நாட்களில் அவர்கள் யாருடைய சொல்லை நம்பித் தங்கினார்கள்? பெரும்பாலும் அவர்களுடைய மேஸ்திரியின் சொல்லை. 'நில்லு', 'இறங்கு', 'விலகு' என்ற மூன்று சொற்களையாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். புரியாத மொழியில் கத்தும் எச்சரிக்கை யாரையும் காப்பாற்றாது.

நான்காவது, பெயர்ப் பதிவு. ஒவ்வொருவரின் முழுப் பெயர், ஊர், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவை ஒரு நோட்டில் இருக்கட்டும். நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரையுள்ள கட்டுமானத் தொழிலாளர் பதிவு செய்துகொள்ளலாம். தச்சரும் அதில் அடங்குவர். விபத்து, கல்வி, திருமணம், ஓய்வூதியம் என்று பல உதவிகள் பதிவு செய்தவருக்கு மட்டுமே கிடைக்கும். உங்கள் ஆட்களில் பதிவு இல்லாதவர் எத்தனை பேர் என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, கற்றுக்கொடுத்தல். மேஸ்திரி என்றால் ஆசான். பலகை தூக்க வந்த பையன் பத்து ஆண்டுக்குப் பிறகும் பலகையே தூக்கிக்கொண்டிருந்தால் ஆசான் தம் பணியைச் செய்யவில்லை. கைவினைஞருக்கான அரசுத் திட்டங்களும் இருக்கின்றன. மத்திய அரசு 2023 செப்டம்பரிலும், தமிழக அரசு 2025 ஏப்ரலில் நம் அருகிலுள்ள குன்றத்தூரிலும் அப்படிப்பட்ட திட்டங்களைத் தொடங்கின. அவற்றைப் பற்றிக் கேட்டறிந்து இளையவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் ஒவ்வொருவரின் கடமை

மேஸ்திரியின் கேள்விக்கு வருவோம். முடியாது என்று சொன்னால் வேறு மேஸ்திரி வந்துவிடுவார் என்பது உண்மை. அவர் வருவது நாம் கூப்பிடுவதால்தான். ஆகவே அவருடைய அச்சத்தைப் போக்கும் வழி நம் கையில் இருக்கிறது.

வீடு கட்டும் குடும்பங்களே, மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் முன், இந்த விலையில் எதை விட்டுவிடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். முட்டு, தகடு வாடகையை வேலைக் கூலியோடு கலக்காமல் தனியாகப் பேசி நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் அவசரமாக முட்டு எடுக்க மேஸ்திரிக்குக் காரணமே இருக்காது. ஏழு நாள் வாடகை மிச்சம் ஒரு சில ஆயிரங்கள். அது ஒரு தாயின் மகனைவிடப் பெரிதல்ல. புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறிக்கும்போது பொறியாளரையும் மேஸ்திரியையும் கேட்டுக் குறியுங்கள். வீட்டை மந்திரிக்க எங்களை அழைக்கும் நாளில், அந்த வீட்டைக் கட்டியவர்களையும் அழையுங்கள். அவர்களும் பந்தியில் அமரட்டும்.

பங்குகளும் கட்டுகின்றன. கோவில், பள்ளி, கெபி, சமூகக் கூடம் என்று வேலை நடந்துகொண்டே இருக்கிறது. நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம். ஒப்பந்தத்தில் பாதுகாப்புப் பட்டை, விபத்துக் காப்பீடு, வாரக்கூலி, ஞாயிறு ஓய்வு ஆகியவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பங்குப் பேரவை படித்துப் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு முன் கோபுரம் முடிய வேண்டும் என்ற அவசரம், இறைவன் பெயரால் வந்தாலும் அவசரமே. கோவில் கட்டுமானத்தில் ஒரு தொழிலாளி பட்டையில்லாமல் நிற்பது, மற்ற எந்த இடத்தில் நிற்பதையும்விட நமக்கு வெட்கம்.

பொறியாளர்களாகவும் கட்டட நிறுவனங்களிலும் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். வரைபடத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ண வேண்டாம். தளம் போடும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, மேஸ்திரியோடு முட்டுகளின் கீழ் நடந்து பாருங்கள். அவரிடம் மரியாதையோடு கேளுங்கள். உங்கள் படிப்புக்குத் தெரியாத சில அவருடைய கைக்குத் தெரியும்.

அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். நம் அன்பியத்துக்குள் கட்டட வேலை நடக்கும் இடங்கள் எவை, அங்கே தங்கியிருப்பவர்கள் யார், அவர்களில் திருப்பலிக்கு வருபவர்கள் உண்டா, நல வாரியப் பதிவுக்கு யார் துணைபோகலாம் என்று கேட்போம். மே முதல் நாள் திருப்பலியில் கருவிகளைக் காணிக்கையாக எடுத்து வருவது நல்ல வழக்கம். அந்தக் கருவிகளின் சொந்தக்காரர்களையும் அவர்களின் மேஸ்திரிகளையும் முன் வரிசைக்கு அழைப்பது அதைவிட நல்ல வழக்கமாகும்.

காயீன் அன்று இறைவனிடம், நான் என்ன என் சகோதரனுக்குக் காவலாளியா என்று கேட்டான். மேஸ்திரியின் தொழில் அந்தக் கேள்விக்கு நாள்தோறும் 'ஆம்' என்று பதில் சொல்லும் தொழில். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்குத் துணிவும், சொன்ன பிறகு வேலையும் கிடைக்கும்படி செய்வது நம் பொறுப்பு.

நாசரேத்தின் தச்சரான புனித யோசேப்பே, எண்ணூரிலும் மௌலிவாக்கத்திலும் உயிரிழந்த எம் சகோதர சகோதரிகளுக்காக வேண்டிக்கொள்ளும். உயரத்தில் உழைப்பவர்களையும் அவர்களை வழிநடத்துபவர்களையும் காத்தருளும். கட்டுகிற எங்கள் கைகளையும், கட்டச் சொல்கிற எங்கள் உள்ளங்களையும் நேர்மையாக்கும். ஆமென்.